நாலு நிமிடம் என்று எழுதியிருக்கிறார்கள்

ஜூன் 11

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஆறுமுகநயினார், "நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வையும்மா, இல்லேன்னா நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவானுவ" என்றார். மகள் அனுசுயாவின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதுகிறேன். நான் படித்தது ஆறாவது வரைதான். பிழை இருக்கும், பொய் இருக்காது.

என் பெயர் சுடலைவடிவு. தையல்காரி. என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், வயது நாற்பத்தாறு. மலைக்குள் குடைந்து கட்டியிருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் நாலு வருடமாகக் கான்ட்ராக்ட் கூலி. கூட்டுவார், சாமான் தூக்குவார், சொன்ன வேலையைச் செய்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் விசேஷமாக ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டார், தூங்கினார். திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி, காலை பதினொன்று பத்துக்கு அங்கே கடைசியில் இருக்கும், இரும்புக் கதவு போட்ட பாறை அறைக்குள் அவரை அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அதற்குள் வைக்கிற மெஷின் எல்லாம் நின்று போகிறதாம். ஏன் என்று பார்த்து வர வேண்டுமாம். பதினொன்று பதினாலுக்குத் திறந்தார்கள். கதவடியில் சரிந்து கிடந்தார். உயிர் இல்லை.

மாரடைப்பு என்று அவர்களுடைய டாக்டரே தாள் கொடுத்துவிட்டார். முகம் வரை துணி சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "விஷ கேஸ் பட்ட உடம்பு, பிரிக்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள எரிச்சிடுங்க" என்றார்கள்.

பிரிக்காமல் எப்படி? எண்ணெய் சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டாமல் எங்கள் சனத்தில் யாரையும் அனுப்பியதில்லை. பிரித்தேன்.

காலையில் எட்டு இட்லி தின்றுவிட்டுப் போன மனிதர். உள்ளே எலும்பும் தோலும் கிடந்தது.

ஜூன் 12

நேற்று எழுத முடியவில்லை, நிறுத்திவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

என் அக்கா மகள் சடங்குக்காக ஏழாம் தேதி சனிக்கிழமை நானே அவருக்கு டை அடித்துவிட்டேன். ஒரு முடி விடாமல் கருப்பாக இருந்தது. ஒன்பதாம் தேதி சாயங்காலம் எண்ணெய் வைக்கத் தலையைத் தொட்டால் அடிமுடி முழுக்க வெள்ளை. கழுத்தில் இஞ்ச் டேப் கிடந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து ஓடியிருக்கிறேன். அளந்தேன். முக்கால் இஞ்ச். மாதத்துக்கு அரை இஞ்ச் முடி வளரும். வருடக்கணக்காக டை அடிக்கிறவளுக்கு இது தெரியாதா? முக்கால் இஞ்ச் என்றால் ஒன்றரை மாதம்.

இடுப்பில் அரைஞாண் கயிறு. போன ஆடி அமாவாசைக்கு நான் வாங்கிக் கட்டியது, ஒரே முடிச்சு. இப்போது அதில் மூன்று முடிச்சு. கயிறு இறங்க இறங்க அவரே இழுத்து இழுத்து முடிந்திருக்கிறார். அவர் இடுப்பு முப்பத்துநாலு. மூன்றாவது முடிச்சில் அளந்தால் இருபத்தாறரை.

சுடுகாட்டில் முகம் வழித்த வேலாயுதம் அண்ணாச்சி மூணு நாள் கழித்து இன்று வந்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடம்தான் இவர் சவரம் செய்துகொண்டு போயிருக்கிறார்.

"தாயி, கேஸ் பட்டா தாடி மொளைக்குமா?" என்று கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி."

"முப்பத்தஞ்சு வருசமா வழிக்கேன். அது ஒன்றரை மாசத் தாடி. காலைல வழிச்சவனும் நான், சாயங்காலம் வழிச்சவனும் நான்."

வழித்த முடியைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். வாங்கி பீரோவில் வைத்தேன்.

ஜூன் 14

கல்யாண பிளவுஸ் ரெண்டு முடித்துக் கொடுத்தேன். துக்க வீட்டில் தைத்த துணி ஆகாது என்று ஒருத்தி துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டாள். போகட்டும்.

ஜூன் 17

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் கருணாகரன் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே தாளை நீட்டினார். "உள்ளே இருந்த நேரம் நாலு நிமிடம். இயற்கை மரணம்" என்று இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"தாடி எப்படி வளர்ந்துச்சு?" என்றேன்.

"அதான் சொன்னேனே, கேஸ்."

"இடுப்பு ஏழரை இஞ்ச் குறைஞ்சிருக்கு. அதுவும் கேஸா?"

"அம்மா, கடிகாரத்தைப் பாத்து எழுதினது இது. நாலு நிமிஷம். என் வாட்ச் பொய் சொல்லுமா?"

"என் டேப்பும் பொய் சொல்லாது சார்."

கையெழுத்துப் போடவில்லை. அவர் உள்ளே எத்தனை நாள் இருந்தார் என்று அந்தத் தாளில் எழுதட்டும். பட்டினி கிடந்து செத்தார் என்று எழுதட்டும். எழுதினால் போடுவேன். இதைத் தவிர அவர்களிடம் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜூன் 20

கொழுந்தன் அய்யாத்துரை வந்தான். அவனும் அங்கேதான் கூலி. அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றவன். பத்து நாளாக என் முகத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். இன்று நான் விடவில்லை.

"ரெண்டு நிமிஷந்தான் மதினி கணக்கு. ரெண்டு நிமிஷத்துல திறக்கணும். கருணாகரன் சாருக்கு போன் வந்துச்சு. பேசிக்கிட்டு இருந்தாரு. நான் கையைக் காமிச்சேன். இரு இருன்னாரு. பேசி முடிச்சுட்டுத்தான் சக்கரத்தைத் திருப்பினாரு."

"உள்ளேருந்து சத்தம் கேக்கலையா? கூப்பிடலையா அவுக?"

"இல்ல மதினி. கொசு காதுக்குள்ள பாடுமே, அந்த மாதிரி சன்னமா ஒரு சத்தம். அது எப்பவும் மெஷின் சத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "தூக்கும்போது சூடு இருந்துச்சு மதினி. அண்ணன் உடம்புல."

ஜூன் 22

அய்யாத்துரை இன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்தான். நிரந்தர வேலை தருகிறார்களாம். அதே அறைக்குள் போய் உட்கார்ந்து, ஒரு மெஷின் காட்டும் நம்பரை நோட்டில் எழுத வேண்டுமாம். பேட்டரி மெஷினாக அனுப்பினால் தீர்ந்து நின்றுவிடுகிறது என்பதால் ஆள்தான் வேண்டுமாம்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷத்துல என்ன எழுதுவ?"

"அதான் மதினி எனக்கும் சிரிப்பு. பதினஞ்சு நாளைக்குச் சோத்துப் பொட்டலம், தண்ணி கேன், போர்வை எல்லாம் கட்டி வச்சிருக்காக. ஒரு நிமிஷ வேலைக்குப் போர்வை எதுக்கு?"

அவன் சிரித்தான். அப்படியானால் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாலு நிமிடம் என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 23

நிலையத்து வாசலில் காலை எட்டு மணியிலிருந்து நின்றேன். பதினொரு மணிக்கு டாக்டர் ஹரிணி என்ற பெண் வந்தாள். அந்த அறையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். முப்பது வயது இருக்கும். எனக்கு நாற்காலி போடச் சொன்னாள். அதற்கு மட்டும் நன்றி.

"அம்மா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இடமும் நேரமும் தனித்தனி இல்ல. ரெண்டும் சேந்து ஒரே துணி மாதிரி. அந்தத் துணி எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருக்கும்னு நெனச்சோம். அந்த ரூம் கதவைச் சாத்தினா, உள்ள மட்டும் அது மடங்கிடுது."

"மடிப்பா, சுருக்கா?"

முழித்தாள். நான் சொன்னேன். சின்னப் பிள்ளைப் பாவாடைக்கு நாலு முழத் துணியைச் சுருக்கு வைத்து ஒரு முழ இடுப்புப் பட்டைக்குள் தைப்போம். பட்டையை அளந்தால் ஒரு முழம்தான் வரும். பிரித்து அளந்தால்தான் நாலு முழம்.

"ஆமா," என்றாள் மெதுவாக. "சுருக்குதான். நீங்க சொல்றதுதான் சரி."

"அப்போ நீங்க பட்டைய மட்டும் அளந்து எழுதியிருக்கீக. எங்க வீட்டுக்காரரு முழுத் துணியையும் நடந்திருக்காரு. வெளிய ஒரு நிமிஷம்னா உள்ள எத்தன நாளு?"

"பதிமூணு" என்றாள்.

நாலு பதிமூன்று ஐம்பத்திரண்டு. எனக்கு வாய்ப்பாடு மறக்கவில்லை.

"முன்னமே தெரியுமா?"

"தெரியாதும்மா. சத்தியமா. கடிகாரம் வெச்சோம், நின்னு போய் வந்துச்சு. செடி வெச்சோம், காஞ்சு வந்துச்சு. கேஸ்னு நெனச்சோம்."

"செடி காஞ்சு வந்த எடத்துக்கு ஒரு மனுசன அனுப்பினீக. நீங்க ஏன் போகல?"

"ஆபத்தான இடத்துக்கு ஆராய்ச்சியாளருங்க போகக்கூடாதுன்னு விதி இருக்கு."

"ஆபத்துன்னு எழுதி வச்சிருக்கீக, அப்போ. உள்பக்கம் கதவுக்குப் பிடி இருக்கா?"

"இல்லம்மா. அது ஆள் இருக்கறதுக்காகக் கட்டினது இல்ல."

பாறையில் தண்ணீர் கசியுமாம். அதைக் குடித்திருப்பார் என்றாள். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாள் போலிருக்கிறது. தண்ணீர் இல்லாதிருந்தால் நாலாவது நாளே முடிந்திருக்கும். ஐம்பத்திரண்டு நாள் வைத்து வாட்டியது அந்தத் தண்ணீர்தான்.

இதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றாள்.

ஜூன் 24

இன்று பதினாறாம் நாள் விசேஷம் வைத்திருந்தார்கள். நாத்தனார் சொர்ணம் மதினி சங்கரன்கோவிலிலிருந்து ஆட்களோடு வந்துவிட்டாள். தாலி இறக்க வேண்டும். நான் மாட்டேன் என்றேன்.

"எவளாவது இப்படிச் சொல்லுவாளா ஏட்டி? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இன்னிக்கு அவுகளுக்கு அங்க பதினாறாவது நாளு மதினி. இன்னிக்கு உசிரோட இருக்காக. இருட்டுக்குள்ள கதவைத் தட்டிக்கிட்டு இருக்காக. உசிரோட இருக்கவுகளுக்கு நான் எப்படித் தாலிய எறக்குவேன்?"

"எரிச்சாச்சுட்டி! சாம்பலைக் கரைச்சாச்சு!"

"அந்த உடம்பு ஐம்பத்திரண்டு நாளு கழிச்சு வந்த உடம்பு. அந்த நாளு வரட்டும். வந்தா நானே கழட்டித் தாரேன்."

புத்தி கெட்டுப்போச்சு என்று அழுதாள். பந்திக்கு ஆக்கியதெல்லாம் வீணாகப் போயிற்று. வேலாயுதம் அண்ணாச்சி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தாயி கணக்கு எனக்குச் சரியாத்தான் படுது. நான் அன்னிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுசுயா சாப்பிட்டாள். எனக்குப் பசி இல்லை.

ஜூன் 25

பதினேழாவது நாள். அவர் கையில் கொண்டுபோன டார்ச் வெளிச்சம் ரெண்டு நாள்தான் நின்றிருக்கும்.

ஜூன் 30

இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். ஆனால் தேதி போட்டாயிற்று.

மத்தியானம் அனுசுயாவின் யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறேன். காலை லேசாக வைத்தால் டக், டக் என்று ஒவ்வொரு தையலும் தனித்தனியாகக் கேட்கும். கொஞ்சம் அழுத்தினால் டக்டக் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ர்ர் என்று ஆகும். முழுக்க அழுத்தினால் ஙொய் என்று பாடும்.

கொசு பாடுகிற மாதிரி.

காலை எடுத்துவிட்டேன்.

அது மெஷின் சத்தம் இல்லை. அய்யாத்துரை காதில் விழுந்தது அவர் கதவைத் தட்டியது. ஐம்பத்திரண்டு நாளும் தட்டியதை நாலு நிமிடத்தில் கேட்டால் அப்படித்தானே கேட்கும்? ஒருத்தர் போன் பேசிக்கொண்டிருக்கிறார், ஒருத்தன் காதுக்குள் கொசு என்று நிற்கிறான், அவர் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

யூனிபார்ம் முடிக்கவில்லை.

ஜூலை 5

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆறுமுகநயினார் எழுதிய மனுவோடு போனேன். தாடி முடி, அரைஞாண் கயிறு, அளவு எழுதிய சீட்டு எல்லாம் மேஜையில் வைத்தேன்.

"நாலு நிமிஷத்துல ஒருத்தன் எப்படிம்மா பட்டினியா சாவான்? நீயே சொல்லு," என்றார் அதிகாரி.

சொன்னேன். சுருக்குத் துணியையும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"டாக்டர் தாள் ஒரு பக்கம், இஞ்ச் டேப் ஒரு பக்கம். எதைம்மா நான் நம்ப?"

"அந்த டாக்டரு துணியைப் பிரிச்சே பாக்கல சார். நான் பிரிச்சுப் பாத்தேன். பாத்தவ சொல்லுததை நம்புங்க."

மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். ரசீது கேட்டேன். நாளைக்கு வா என்றார்.

ஜூலை 6

போனேன். நாளைக்கு என்றார்.

ஜூலை 7

நாளைக்கு.

ஜூலை 11

சாரல் விடாமல் அடிக்கிறது. துணி காயவில்லை. தலை சுற்றல் இருக்கிறது, மழையால்தான். ஒரு பாவாடைப் பட்டையைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தேன்.

அனுசுயா, "உன் பிளவுஸ் ஏம்மா தொளதொளன்னு கெடக்கு, சைடு பிடிச்சுக்கோ" என்றாள். துவைத்துத் துவைத்துத் துணி இளகிவிட்டது என்று சொன்னேன்.

ஜூலை 16

அய்யாத்துரை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான். முப்பதாம் தேதி உள்ளே போகிறான். என்னிடம் சொல்லப் பயந்து சொர்ணம் மதினியிடம் சொல்லி அனுப்பினான். கூப்பிட்டுவிட்டேன். பதிமூன்று நாள் கணக்கை முன்னமே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

"மதினி, அண்ணனுக்குச் சோறு இல்ல, வெளிச்சம் இல்ல. எனக்கு எல்லாம் இருக்கு. பதிமூணு நாளு உக்காந்து எழுதுவேன். வெளிய வந்தா ஒரு நிமிஷம்தான் போயிருக்கும். நிரந்தர வேலை மதினி. இத விட்டா எனக்கு எவன் தருவான்?"

"பதிமூணு நாளுன்னு தாளுல எழுதியிருக்கா?"

"ஒரு நிமிஷம்னு எழுதியிருக்கு."

"உள்ள உனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாக. உங்க அண்ணனுக்குச் சொன்ன மாதிரியே. சரி, கதவை யாரு திறப்பா?"

"கருணாகரன் சாருதான்."

"அவருக்குத் தும்மல் வந்தா உனக்கு அஞ்சு மணி நேரம். போன் வந்தா?"

எழுந்து போய்விட்டான். பயம் இருக்கிறது அவனுக்கு. ஆனால் இருபத்தொன்பது வயதில் ஒரு நிரந்தர வேலையை வேண்டாம் என்று சொல்ல அதைவிடப் பயம்.

ஜூலை 19

தூங்கிக்கொண்டிருந்தபோது அனுசுயா என் இடுப்பை டேப்பால் அளந்திருக்கிறாள். முழித்துக்கொண்டு திட்டினேன். இந்த நோட்டில் முன்பக்கம், அவள் கணக்குப் போட்ட பக்கத்தில், ஒரு நம்பரை மட்டும் எழுதி வைத்திருக்கிறாள். தேதியும் போட்டிருக்கிறாள்.

ஜூலை 22

நாற்பத்துநாலாவது நாள்.

முதல் நாள் எழுதியதில் ஒரு இடம் பொய். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒன்றும் பேசவில்லை என்று எழுதினேன். பேசினார்.

சடங்கு வீட்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு அந்தக் கடைசி ரூமுக்குள்ள போகச் சொல்லுதாக வடிவு. ரெண்டு நிமிஷம்தான். எனக்கு என்னமோ பிடிக்கல. முடியாதுன்னுரலாமான்னு பாக்கேன்."

நான் சிரித்தேன். நகையைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டே, "ரெண்டு நிமிஷம் நிக்கதுக்கு ஒரு ஆம்பளைக்குப் பயமா? வெளிய சொல்லாதீக" என்றேன்.

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த நாள் போனார்.

நானும் பட்டையைத்தான் அளந்தேன்.

நேற்று மெஷினிலேயே சரிந்துவிட்டேன். நெற்றியில் வீக்கம். அனுசுயா கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்துகொண்டு, "நீ குடிக்கலேன்னா நானும் குடிக்க மாட்டேன். ரெண்டு பேரையும் டேப் வச்சு அளந்துக்கிட்டே இருப்போம்" என்றாள். பதினாலு வயசு. பேச்சைப் பார்.

ஜூலை 23

கஞ்சி குடித்தேன்.

ஜூலை 27

டாக்டர் ஹரிணிக்குப் போன் செய்தேன். மேலிடத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அறையைப் பற்றி வெளியே எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். "எனக்கும் தூக்கம் வரல அம்மா" என்றாள். உனக்குத் தூக்கம் வராதது எனக்கு எதற்கு? அவனை அனுப்பாதே என்றேன். முடிவு தன் கையில் இல்லை என்றாள். அந்தக் கதவு மட்டும் எப்போதும் யார் கையிலாவது இருக்கிறது. முடிவுதான் யார் கையிலும் இல்லை.

ஜூலை 30

ஐம்பத்திரண்டாம் நாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு அனுசுயாவைக் கூட்டிக்கொண்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு நிலையத்து வாசலுக்குப் போனேன். காவலாளி தடுத்தான். உள்ளே போகிறவன் என் கொழுந்தன், அவனுக்கு விபூதி பூச வேண்டும் என்றேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அய்யாத்துரையை வெளியே கூட்டி வந்தார்கள். புதுச் சட்டை, முதுகில் பை, கழுத்தில் மாஸ்க் தொங்கியது. கூட கருணாகரன், டாக்டர் ஹரிணி, பெரிய அதிகாரி ஒருத்தர்.

விபூதி பூசினேன். பூசிவிட்டு டேப்பை எடுத்தேன்.

"கைய அகட்டு."

"மதினி, என்ன இது..."

"அகட்டுலே."

அகட்டினான். கழுத்து பதினைந்து. மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பத்திரண்டரை. கை, தொடை எல்லாம் சத்தமாகச் சொல்லச் சொல்ல அனுசுயா எழுதினாள். கடைசியாக நகத்தை அளந்தேன். முகத்தைத் தடவிப் பார்த்து, "தாடி இல்லை, இன்று காலை வழித்தது" என்று எழுதச் சொன்னேன்.

பெரிய அதிகாரி, "என்னம்மா நடக்குது இங்க?" என்றார்.

நோட்டை அவரிடம் நீட்டினேன். "பதினோரு மணிக்கு இந்த அளவுல ஒரு ஆளை உள்ள அனுப்பினோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். பதினொண்ணு ஒண்ணுக்கு அவன் வெளிய வருவான். நான் இங்கயேதான் நிப்பேன். திரும்ப அளப்பேன். அதுக்குக் கீழ இன்னொரு கையெழுத்து."

"இதெல்லாம் எங்க நடைமுறையில இல்ல."

"ஒரு நிமிஷத்துல ஒரு மனுசனுக்கு எத்தன இஞ்ச் தாடி வளரும்? வளராதுல்ல? அப்போ போடுறதுக்கு என்ன சார்?"

அவர் கருணாகரனைப் பார்த்தார். கருணாகரன் வாட்சைப் பார்த்தார். யாரும் நோட்டை வாங்கவில்லை. என் கை வலித்தது, ஆனாலும் இறக்கவில்லை.

டாக்டர் ஹரிணி முன்னால் வந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தாள். நோட்டைத் தொட்டும்விட்டாள்.

"ஹரிணி," என்றார் பெரிய அதிகாரி. அவ்வளவுதான் சொன்னார்.

அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அய்யாத்துரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இத்தனை நாளாக நான் தொண்டை வற்றச் சொல்லியும் உள்ளே இறங்காத ஒன்று அந்தப் பேனா மூடியதில் இறங்கியது. முதுகுப் பையைக் கழற்றித் தரையில் வைத்தான். மாஸ்க்கைக் கழற்றிக் கருணாகரனிடம் நீட்டினான்.

"ஒரு நிமிஷந்தான சார்? நீங்க போயிட்டு வாங்க. நான் வெளிய நின்னு கதவைத் திறக்கேன். போன் வந்தா எடுக்க மாட்டேன், பயப்படாதீக."

"ஏலே, வேலை போயிரும்டா."

"போட்டும் சார். அளவு இருக்குல்லா, வேற எடத்துல சட்டை தச்சுக்கிடுதேன்."

காவலாளி திரும்பிக்கொண்டு சிரித்தான். பெரிய அதிகாரி, இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அறையைப் பூட்டி வைக்கப் போகிறார்களாம், வேறு ஆள் கிடைக்கும்வரையா, எப்போதைக்குமா என்று சொல்லவில்லை. வேறு ஆள் வந்தாலும் நான் டேப்போடு வந்து நிற்பேன் என்று கருணாகரனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கையில் இருக்கும் தாளில் இன்னும் நாலு நிமிடம் என்றுதான் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வேலாயுதம் அண்ணாச்சி சொன்னபடி வந்து காத்திருந்தார். சொர்ணம் மதினியும் வந்திருந்தாள், யாரும் கூப்பிடவில்லை. "இன்னிக்குத்தானட்டி நீ சொன்ன நாளு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வாய்க்காலுக்குப் போனோம். அவளே தாலியைக் கழற்றினாள். கொக்கி இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் திறந்தாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது.

எந்த மணிக்கு அவர் போனார் என்று தெரியாது. தூக்கும்போது சூடு இருந்தது என்று அய்யாத்துரை சொன்னானே, அதனால் கடைசி மணிநேரமாகத்தான் இருக்கும். கதவுச் சக்கரத்தைத் திருப்ப ஆரம்பித்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் அது திறந்து முடிய அவருக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்திருக்கும்.

ஜூலை 31

காலையில் எழுந்ததும், இப்போது அங்கே என்ன செய்துகொண்டிருப்பார், தூங்குகிறாரா, எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று நினைத்தேன். தினமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுவேன். வாசல் தெளித்து முடித்த பிறகுதான் நாள் தீர்ந்துபோனது ஞாபகம் வந்தது.